ஒருவழியாக்கப்பட்ட தெருக்கள்: பழகிப்போகும் சிரமம் எது, பழகக் கூடாத குறை எது?

நெரிசல் மிகுந்த நகரத்தின் நடுவில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களைச் சில வாரங்களுக்கு முன் ஒருவழிப்பாதைகளாக மாற்றிவிட்டார்கள், கண்ணுக்குத் தெரியும் வீட்டுக்குப் போகவே பெரிய சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது, எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் குறைவில்லை, இது நாளடைவில் சரியாகிவிடுமா, குடியிருப்போர் பழகிக்கொள்ள வேண்டுமா, அல்லது எதிர்த்து மனுக் கொடுக்க வேண்டுமா?

இரண்டுமே வேண்டும் என்பதுதான் என் பதில். ஒருவழி மாற்றம் கொண்டுவரும் தொல்லைகளில் ஒரு பகுதி, மக்களின் பழக்கம் மாறியதும் தானாகக் கரைந்துவிடும். இன்னொரு பகுதி எத்தனை ஆண்டுகள் ஆனாலும் கரையாது, ஏனெனில் அது திட்டத்திலேயே இருக்கும் குறை. முதல் வகையை எதிர்த்துக் கொடி பிடித்தால் சில மாதங்களில் உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது. இரண்டாம் வகைக்குப் பழகிக்கொண்டால் அதன் விலையை நடந்து செல்லும் முதியவரும் பள்ளிப் பிள்ளையும் கொடுக்க நேரிடும். எனவே எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை.

அதற்கு முன், இந்த மாற்றத்தை அதிகாரிகள் ஏன் விரும்புகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இருவழிச் சாலைகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் ஒரு நாற்சந்தியில், ஒரு வண்டியின் தடம் இன்னொரு வண்டியின் தடத்தோடு மோதக்கூடிய இடங்கள் 32 என்று போக்குவரத்துப் பொறியியலில் கணக்கிடுகிறார்கள்: 16 இடங்களில் தடங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன, 8 இடங்களில் இணைகின்றன, 8 இடங்களில் பிரிகின்றன. அதே சந்திப்பில் தலா ஒரு தடம் கொண்ட ஒருவழிச் சாலைகள் இரண்டு வெட்டிக்கொண்டால் மோதக்கூடிய இடங்கள் மொத்தமே 5தான். எதிரே வரும் வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போவதே இந்தக் குறைவுக்கு முக்கியமான காரணம். இடப்புறமாக வண்டி ஓட்டும் நாடுகளில் வலப்பக்கம் திரும்புபவர்தான் சந்திப்பையே மறித்துக்கொண்டு நிற்பார். அவருக்கெனத் தனியாகச் சிக்னல் நேரம் ஒதுக்க வேண்டும். ஒருவழிச் சந்திப்பில் அந்த நேரம் மிச்சமாகி, நேராகச் செல்பவருக்குக் கிடைக்கிறது. அடுத்தடுத்த சிக்னல்களை ஒன்றோடொன்று இசைவித்து, பச்சை விளக்கு வண்டிகளுக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போவதுபோல் அமைப்பதும் ஒரே திசையில் ஓட்டம் இருந்தால்தான் எளிது.

இது புதிய யோசனையும் அல்ல. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையை ஒட்டிய குறுகலான சந்துகளில் சரக்கு வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றதால், அவை ஒரே திசையில்தான் செல்ல வேண்டும் என்று 1617ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தார்கள். மோட்டார் வாகனங்கள் பெருகிய பிறகு நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் முதலாம், இரண்டாம் நிழற்சாலைகள் (அவென்யூக்கள்) 1951இலும், ஐந்தாம் நிழற்சாலையும் மேடிசன் நிழற்சாலையும் 1966இலும் ஒருவழியாயின. இந்த மாற்றங்களின் நோக்கம், நகரத்தைக் கடந்து செல்லும் வண்டிகள் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதே.

கடந்து செல்பவருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. கடந்து செல்பவருக்கு ஒருவழிச் சாலை முழு நன்மை; அவர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகிறார், சுற்ற வேண்டியதே இல்லை. பயணத்தின் தொடக்கமோ முடிவோ அந்தத் தெருவிலேயே இருக்கிறவர்தான் சுற்றுக்கான நேரத்தையும் எரிபொருளையும் கொடுக்கிறார். 100 மீட்டர் அகலமும் 200 மீட்டர் நீளமும் கொண்ட, நான்கு பக்கமும் தெருக்கள் சூழ்ந்த ஒரு தெருச் சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திசை உங்களுக்குப் பாதகமாக அமைந்தால் அதன் சுற்றளவான 600 மீட்டரை ஏறக்குறைய முழுவதுமே சுற்ற நேரிடலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஆனால் இடையில் இரண்டு சிக்னல்கள் குறுக்கிட்டால் நான்கைந்து நிமிடம் போய்விடும். ஒரு வீட்டுக்கு இது சின்ன விஷயம். ஒரு பகுதி முழுவதும் எல்லாரும் நாள்தோறும் இப்படிச் சுற்றினால், அந்தச் சுற்றுகளே சந்திப்புகளை நிரப்பும் புதிய போக்குவரத்தாகிவிடும். கயா, டகான்சோ என்ற போக்குவரத்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கணக்கீடு இதைத் தெளிவாகக் காட்டியது: ஒருவழி வலையமைப்பில் ஒவ்வொரு சந்திப்பையும் மணிக்குக் கூடுதலான வண்டிகள் கடந்தாலும், பயணங்கள் குறுகியவையாக இருக்கும் இடத்தில், சுற்றுவதால் ஏற்படும் இழப்பு அந்த ஆதாயத்தை விஞ்சிவிடலாம். தெருவில் வண்டிகள் விரைவாக ஓடுவது ஒன்று, மக்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவது இன்னொன்று. உங்கள் பகுதியில் ஓடும் வண்டிகளில் பெரும்பங்கு கடந்து செல்பவையா, அங்கேயே தொடங்கி அங்கேயே முடிபவையா என்ற கேள்வியை அதிகாரிகளிடம் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கு விடை இல்லாமல் இத்திட்டம் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி, எதிர்த்திசையில் வருபவர்கள். இவர்களில் பெரும்பாலோர் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்த இடத்தில் வருகிறார்கள் என்று நின்று பார்த்தால் காரணம் புரியும். தெருவின் வெளியேறும் முனையிலிருந்து மூன்றாவது வீடு என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வருபவர் அந்த முனைக்கு வந்து சேர்கிறார். நாற்பது மீட்டர் தொலைவில் தன் வீட்டு வாசல் விளக்கு தெரிகிறது. அவருக்கும் அதற்கும் நடுவில் இருப்பது சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நுழைவுத்தடைப் பலகை மட்டுமே. சட்டப்படியான வழி, அடுத்த சந்திப்புவரை போய், இரண்டு முறை திரும்பி, தெருவின் மறுமுனையில் நுழைந்து, முழு நீளத்தையும் கடந்து வருவது. தெரு காலியாகக் கிடக்கிறது, பின்னால் யாரும் இல்லை, இருட்டிவிட்டது. அந்த நாற்பது மீட்டரில்தான் விதி மீறப்படுகிறது. காரில் வருபவர் இன்னொரு உத்தியைக் கையாள்கிறார்: வண்டியின் முகத்தைச் சரியான திசையில் வைத்துக்கொண்டே பின்னோக்கி ஓட்டிக்கொண்டு உள்ளே வருகிறார். பார்ப்பதற்கு விதியை மதிப்பதுபோல் இருந்தாலும், நுழைவதைவிட இதுவே ஆபத்தானது. பின்கண்ணாடியில் குழந்தையின் உயரம் தெரிவதில்லை.

மீறல்கள் தெருவின் கடைசி மீட்டர்களில் குவிகின்றன என்றால், அதற்குரிய தீர்வும் அங்கேதான் இருக்க வேண்டும். வெளியேறும் முனையில் நடைபாதையைச் சற்று முன்னே நீட்டி, வாயை ஒரு வண்டியின் அகலத்துக்குக் குறுக்கிவிட்டால், எதிரே நுழையத் தயக்கம் தானாக வரும். தரையில் பெரிய அம்புக்குறி, நுழைவுத்தடைப் பலகை வாயின் இரு பக்கத்திலும், பலகையை மறைக்கும் மரக்கிளைகளை வெட்டிவிடுதல் ஆகியவையும் உதவும். முதல் வாரத்தில் மட்டும் காவலரை நிறுத்திவிட்டுப் பிறகு மறந்துவிடுவதைவிட இந்தச் சிறு கட்டுமானங்கள் நெடுநாள் வேலை செய்யும். குடியிருப்போர் தரப்பில் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு: வெளியேறும் முனைக்கு அருகில் வசிப்பவர்கள் வீட்டுக்கு வரும் வழியைக் கடைசிச் சந்திப்பில் தீர்மானிக்காமல், இரண்டு சந்திப்புகளுக்கு முன்பே மாற்றிக்கொள்வது. பெரும்பாலும் அங்கிருந்து திரும்பினால் சுற்று பாதியாகக் குறையும். சைக்கிளில் வருபவர் இறங்கி நடைபாதையோரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். பல நாடுகளில் அவரை நடந்து செல்பவராகவே கருதுகிறார்கள்.

இது எத்தனை நாளில் சரியாகும் என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லல்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு, ஒரு புதிய அன்றாடச் செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆனது என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள்வரை வேறுபட்டது என்றும் கண்டது. அது உணவு, உடற்பயிற்சி சார்ந்த பழக்கங்களைப் பற்றியது. தெருவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இரண்டு வாரத்தில் எல்லாரும் பழகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், இரண்டு வாரம் ஆகியும் குழப்பம் தீரவில்லை, எனவே திட்டம் தோல்வி என்று அறிவிப்பதும் ஒரே அளவுக்கு அவசரமானவை என்பதற்கு அது போதிய சான்று. மூன்று மாதம் என்பது நியாயமான காலம் என்பது என் கருத்து.

இந்த மூன்று மாதத்தில் வரும் இடர் சீரானதல்ல. சுவீடன் 1967 செப்டம்பர் 3ஆம் நாள் வண்டி ஓட்டும் பக்கத்தை ஒரே நாளில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியபோது விபத்துகள் பெருகும் என்று அஞ்சினார்கள். நடந்தது நேர்மாறு, எல்லாரும் அளவுகடந்த கவனத்தோடு ஓட்டியதால் முதலில் விபத்துகள் குறைந்தன, பிறகு கவனம் தளரத் தளரப் பழைய நிலைக்கே திரும்பின. ஒருவழித் தெருக்களிலும் முதல் நாட்களில் எல்லாரும் விழிப்பாக இருப்பார்கள். பாதிப் பழக்கம் வந்த நிலையில், மனம் வேறெங்கோ இருக்கும் ஒரு காலை நேரத்தில், கை தானாகப் பழைய பக்கம் திருப்பிவிடும். அந்த இடைக்காலத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

பழகுவதில் பலரும் செய்வது, எந்தத் தெரு எந்தத் திசை என்று தெருத் தெருவாக மனப்பாடம் செய்வது. அது களைப்பூட்டும், சீக்கிரம் மறக்கும். ஒருவழிப் பகுதியில் வசிப்பவருக்கு நினைவில் இருக்க வேண்டியவை இரண்டே: நம் தெருவுக்குள் நுழையும் வாய் எது, வெளியேறினால் எந்தப் பெரிய சாலையில் போய் விழுவோம். இவற்றிலிருந்து மற்றவை தாமாக வந்துவிடும். வீட்டுக்கு வருபவருக்கு முகவரி சொல்லும்போதும், பொருள் கொண்டுவருபவருக்கு வழி சொல்லும்போதும், அடையாளத்துக்கு முன் நுழைவாயைச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். புதிய திசைகளை ஒரு முறை நடந்தே பார்ப்பது வண்டியில் நான்கு முறை சுற்றுவதைவிடப் பயன் தரும்; நடக்கும்போதுதான் எந்தச் சந்திப்பில் பலகை தெரிகிறது, எதில் தெரியவில்லை என்பதும் கண்ணில் படும்.

கட்டாயத்தால் வழியை மாற்றிக்கொள்வதில் எதிர்பாராத நன்மையும் வருவதுண்டு. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பயணிகள் வேறு வழிகளில் போக நேர்ந்தது. பின்னர் பயணச்சீட்டுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் புதிய வழியிலேயே தொடர்ந்ததைக் கண்டார்கள். நெடுநாள் பழகிய வழியே சிறந்த வழி என்று அவர்கள் சோதிக்காமலே நம்பியிருந்தார்கள். உங்கள் பகுதியிலும் சிலருக்கு இப்படி நேரும். குறுகிய தூரத்துக்கு வண்டியை எடுப்பதே வீண் என்று கண்டு நடக்கத் தொடங்குபவர்களும் இருப்பார்கள். நடப்பவருக்கு ஒருவழி என்று எதுவும் இல்லை.

கைப்பேசி வரைபடங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தெருவில் பலகை மாறிய நாளிலேயே வரைபடம் மாறுவதில்லை. வெளியூர்க்காரரும் வாடகை வண்டி ஓட்டுநரும் வரைபடம் காட்டும் வழியில் கண்ணை மூடிக்கொண்டு எதிர்த்திசையில் நுழைவதற்கு இதுவே பெரிய காரணம். கூகுள் மேப்ஸில் தெருவின் திசை தவறாக உள்ளதைத் தெரிவிக்க வசதி உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கும் எவரும் தாமே திருத்தலாம். குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் பொறுப்பேற்று எல்லாத் தெருக்களையும் சரிபார்த்தால், பலகைகள் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் அவசரத்தில் எதிர்த்திசையில் வர முடியும் என்று சொல்லித் தேற்றிக்கொள்வது போதாது. பல நாடுகளின் சட்டம் அதற்கு இடம் தருகிறது, ஆனால் ஒருபுறம் வண்டிகள் நிறுத்தப்பட்டு, மீதி அகலத்தில் எதிரே வரிசையாக வண்டிகள் வரும் குறுகலான தெருவில் சட்டம் இடம் கொடுத்தும் பயனில்லை. புதிய திசைகளை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் முறைப்படி தெரிவித்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவசர அழைப்பில் பேசும்போதும் எந்த முனையிலிருந்து வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

இப்போது பழகக் கூடாத குறைகளுக்கு வருகிறேன். இவற்றில் முதலாவதும் முக்கியமானதும் வேகம். எதிரே வண்டி வராது என்ற உறுதி ஓட்டுநருக்குக் கிடைத்ததும் கால் தானாக அழுத்துகிறது. இருவழித் தெருவில் எதிரே வரும் வண்டியே ஒரு தடையாக இருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தியது. அந்தத் தடை போன பின், வேறொன்று அதன் இடத்தில் வைக்கப்படாவிட்டால், தெரு ஓடுதளமாகிவிடும். கனடாவின் ஹாமில்டன் நகரம் 1956இல் தன் முக்கியச் சாலைகள் பலவற்றை ஒருவழியாக மாற்றிய ஊர். நடந்து செல்லும் குழந்தைகள் அடிபட்ட பல ஆண்டுப் பதிவுகளை அங்கு ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, இருவழித் தெருக்களைவிட ஒருவழித் தெருக்களில் குழந்தைகள் காயமடையும் விகிதம் 2.5 மடங்கு என்று சொன்னது. சந்திப்பில் மோதல் புள்ளிகள் குறைவதால் ஒருவழித் தெரு பாதுகாப்பானது என்ற வாதத்தை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டியும் வண்டியும் மோதுவது குறையலாம். நடப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று அதற்குப் பொருள் இல்லை.

இரண்டு தடங்கள் ஒரே திசையில் ஓடும் தெருவைக் கடப்பதில் உள்ள ஆபத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. ஒரு பெண் கோடுகள் போட்ட இடத்தில் கடக்க நிற்கிறார். அருகிலுள்ள தடத்தில் வந்த பேருந்து அவரைப் பார்த்து நிற்கிறது; ஓட்டுநர் கையசைத்துப் போகச் சொல்கிறார். அவர் பேருந்தின் முன்பக்கத்தைத் தாண்டி இரண்டாம் தடத்தில் கால் வைக்கிறார். அந்தத் தடத்தில் பின்னாலிருந்து வரும் வண்டிக்குப் பேருந்து ஏதோ காரணத்தால் நின்றிருப்பது மட்டும் தெரிகிறது, நடப்பவர் தெரிவதில்லை; பேருந்தைக் கடக்க அது வேகத்தைக் கூட்டுகிறது. நடப்பவருக்கும் அந்த வண்டி பேருந்தின் உடலுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. இருவழித் தெருவில் இரண்டாம் பாதியில் வருவது எதிர்ப்பக்கத்து வண்டி, அதைத் தொலைவிலிருந்தே பார்த்திருக்கலாம். இங்கே இருவருக்குமே மற்றவர் தெரியவில்லை. நிற்கும் வண்டியின் ஓரத்தில் ஒரு கணம் நின்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டே அடுத்த தடத்தில் இறங்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். வண்டி ஒரு பக்கத்திலிருந்துதான் வரும் என்று நம்பி மறுபக்கம் பார்க்காமல் இறங்கவும் கூடாது. எதிர்த்திசையில் சைக்கிளோ இரு சக்கர வாகனமோ வராத தெரு அரிது.

ஆனால் எச்சரிக்கையாக இருங்கள் என்று நடப்பவரிடம் மட்டும் சொல்லிக் கைகழுவுவதை நான் ஏற்கவில்லை. குடியிருப்புத் தெருவில் ஒரே திசைக்கு இரண்டு ஓடுதடங்கள் எதற்கு என்ற கேள்வியை எழுப்புங்கள். எதிர்த்திசை வண்டிகள் நீங்கியதால் மிஞ்சிய அகலம் நடைபாதைக்கும் மரத்துக்கும் சைக்கிள் தடத்துக்கும் போக வேண்டும். அது இரண்டாவது ஓடுதடமாகவோ வண்டி நிறுத்தும் இடமாகவோ மாறிவிட்டால், குடியிருப்போர் சுற்றுவது யாருக்காக என்பது தெளிவாகிவிடும். சிக்னல் நேரத்தைக்கூட வேகத்தைக் குறைக்கப் பயன்படுத்தலாம்: அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மையத்தில் ஒருவழித் தெருக்களின் சிக்னல்கள் மணிக்கு ஏறக்குறைய 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்குத் தொடர்ந்து பச்சை கிடைக்கும்படி இசைவிக்கப்பட்டிருக்கின்றன. வேகமாகப் போனால் அடுத்த சிக்னலில் நிற்க வேண்டியதுதான் என்று தெரிந்த பிறகு யாரும் விரைவதில்லை. இதற்குப் பெரிய செலவும் இல்லை.

சைக்கிள்காரருக்கு ஒருவழியின் சுற்று மற்ற எல்லாரையும்விடக் கடினம், ஏனெனில் அவர் அதைத் தன் காலால் மிதிக்கிறார். பிரான்ஸ் 2008இல், மணிக்கு 30 கிலோமீட்டர் வேக எல்லை உள்ள மண்டலங்களின் ஒருவழித் தெருக்களில் சைக்கிள் இரு திசையிலும் செல்லலாம் என்பதையே பொதுவிதியாக்கியது. விலக்கு வேண்டும் என்றால் உள்ளாட்சிதான் காரணம் காட்ட வேண்டும். பெல்ஜியத்திலும் இதுபோன்ற ஏற்பாடு பரவலாக உண்டு. நேருக்கு நேர் வரும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதால், குறைந்த வேகத் தெருக்களில் இது நன்றாகவே நடக்கிறது. எதிர்த்திசையில் வரும் சைக்கிள்காரர்களை விரட்டுவதைவிட, அவர்களுக்கு ஒரு கோடு போட்டு இடம் தரச் சொல்லிக் கேட்பது மேல்.

பேருந்துப் பயணிகளுக்கு வேறொரு சிரமம். போகும் பேருந்து ஒரு தெருவிலும் திரும்பும் பேருந்து அடுத்த தெருவிலும் ஓடும்போது, இறங்கிய இடத்துக்கு எதிரே ஏறலாம் என்ற எளிய நம்பிக்கை உடைகிறது. இரண்டு தெருக்களும் அடுத்தடுத்து இருந்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும். இடையில் நீண்ட நடையோ ஆபத்தான சந்திப்போ இருந்தால் அதற்குப் பழகச் சொல்வது நியாயம் ஆகாது. பேருந்துக்கு மட்டும் எதிர்த்திசைத் தடம் கேட்கலாம்.

கடைக்காரர்களின் அச்சத்தையும் பொருட்படுத்த வேண்டும். பாதிப் பேரின் கண்ணில் கடை படவில்லை என்றால் வியாபாரம் குறையும் என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதே சமயம், எல்லா ஒருவழித் திட்டமும் ஒன்றல்ல. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977இல் தன் மையப் பகுதியை நான்கு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாதபடி தெருக்களின் திசைகளை மாற்றியது. கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அந்த அமைப்பு நிலைத்தது, இன்று நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் பெயர்பெற்ற நகரம் அது. பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017 ஏப்ரலில் மையத்தைச் சுற்றி ஆறு பிரிவுகள் வகுத்து இதே வழியில் போனது. பல தெருச் சதுக்கங்களை ஒன்றுசேர்த்து வகுத்த பார்சிலோனாவின் பெருஞ்சதுக்கங்கள் ஏறக்குறைய 400 மீட்டருக்கு 400 மீட்டர் அளவுள்ளவை. அவற்றுள் நுழையும் வண்டி ஒருவழி வளையத்தில் சுற்றி, நுழைந்த பக்கத்துக்கே வெளியேற வேண்டியிருக்கும். இந்த மூன்றிலும் ஒருவழி அம்புகள் கடந்து செல்லும் வண்டிகளை வெளியே வைப்பதற்காகப் போடப்பட்டவை. மன்ஹாட்டனில் போடப்பட்டவை அவற்றை வேகமாகக் கடத்துவதற்காக. பலகை ஒன்றுதான், நோக்கம் நேரெதிர். உங்கள் பகுதியின் அம்புகளை ஒரு தாளில் வரைந்து பாருங்கள்: அவை நீண்ட நேர்கோடாக ஒரு பெரிய சாலையிலிருந்து இன்னொன்றுக்கு இட்டுச் செல்கின்றனவா, வளையமாகத் திருப்பி வெளியே அனுப்புகின்றனவா? இரண்டாவது என்றால், உங்கள் சுற்றுக்கு ஈடாக அமைதியான தெரு கிடைக்கும். முதலாவது என்றால், சுற்றும் உங்களுக்கு, வண்டிச் சத்தமும் உங்களுக்கு.

தாளில் வரைவது இன்னொன்றையும் காட்டும். 1939இல் ஹெர்பர்ட் ராபின்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஒரு தேற்றத்தை நிறுவினார்: ஓர் ஊரின் எல்லாத் தெருக்களையும் ஒருவழியாக்கியும் எங்கிருந்தும் எங்கும் போக முடிய வேண்டும் என்றால், எந்த ஒரு தெருவை அடைத்தாலும் ஊர் இரண்டாகப் பிரியாத நிலை இருக்க வேண்டும், அது இருந்தால் போதும். ஆகவே ஒரே பாலத்தாலோ ஒரே வாயாலோ வெளியுலகோடு இணையும் பகுதியில் அந்த இணைப்பு இருவழியாகத்தான் இருந்தாக வேண்டும். ஒரு தெரு தோண்டப்பட்டால் உங்கள் பகுதி துண்டிக்கப்படுமா என்றும் இதே படத்தில் சோதித்துவிடலாம். போய்ச் சேரலாம் என்ற உறுதியை மட்டுமே இந்தத் தேற்றம் தரும். எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்பதைத் திட்டமிடுபவர்தான் பார்க்க வேண்டும்.

மனுவில் என்ன எழுதுவது என்பது மீதி. பொதுவாகச் சிரமமாக இருக்கிறது என்று எழுதப்பட்ட மனு கோப்பில் தூங்கும். எந்தச் சந்திப்பு, எந்த நேரம், என்ன நடந்தது என்று மூன்று மாதம் தேதியோடு குறித்து வையுங்கள். பலகை மறைந்திருக்கும் இடத்தைப் புகைப்படம் எடுங்கள். நடக்க முடியாதவர்கள், கடைக்காரர்கள், பள்ளி நிர்வாகம் ஆகியோரின் குறிப்புகளைத் தனித்தனியாகச் சேருங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வண்டிகளின் எண்ணிக்கை, வேகம், விபத்து விவரங்களை வெளியிடும்படி கேளுங்கள். திட்டம் முழுவதையும் நீக்கச் சொல்வதைவிட, இன்ன தெருவின் திசையைத் திருப்புங்கள், இன்ன வாயைக் குறுக்குங்கள், இன்ன இடத்தில் மேடைக் கடப்பு (நடப்பவர் கடக்கச் சற்று உயர்த்திக் கட்டிய இடம்) அமையுங்கள் என்ற கோரிக்கைகளே எளிதில் நிறைவேறுகின்றன. அவை எதுவும் பயன் தராமல் வேகமும் விபத்தும் தொடர்ந்தால் மீண்டும் இருவழியாக்கக் கோருவதிலும் தவறில்லை. அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒருவழியாக இருந்த புரூக் தெருவும் முதல் தெருவும் 2011இல் இருவழியாக்கப்பட்டன. பின்னர் அவற்றை ஆராய்ந்தவர்கள் இரண்டிலும் வாகன மோதல்கள் குறைந்ததைக் கண்டார்கள். ஒரு முறை போட்ட அம்புக்குறியை மாற்றவே முடியாது என்று அதிகாரி சொன்னால், இந்த எடுத்துக்காட்டை மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.